ரொறன்ரோவின் வில்லன்கள்

சேர்ச் வீதியும் கார்ள்ரன் வீதியும் சந்திக்கும் மூலையில் ஒரு லோப்லோஸ் பேரங்காடி இருக்கிறது. உள்ளே, பொருள்கள் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே, தரையில் ஒரு சிவப்புப் புள்ளி. மேப்பிள் லீஃப்ஸ் அணி 1931 முதல் 1999 வரை ஐஸ் ஹொக்கி ஆடிய மைதானத்தின் நடு இடம் அது. கட்டடத்தின் பெயர் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். இன்று கீழே பேரங்காடி, மேலே பல்கலைக்கழக விளையாட்டரங்கு. ஆனாலும் ஹொக்கி ரசிகர்கள் தேடிவந்து அந்தப் புள்ளியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த இடத்தில் நிற்கும்போது என் நினைவுக்கு வருவது ஹொக்கி அல்ல. அரங்கு திறந்த அதே 1931 நவம்பரில், ஒரு வாரம் கழித்து, அங்கே றெஸ்லிங் தொடங்கிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1939இல் பொறுப்பேற்ற ஃபிராங்க் ரன்னி 1983இல் இறக்கும்வரை அதை நடத்தினார். முதலில் வியாழன் இரவுகள், பின்னாளில் ஞாயிற்றுக்கிழமைகள். ஹொக்கிக்கு அடுத்தபடியாக இந்த நகரத்தை வாரம் தவறாமல் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தது அதுதான்.

அந்த நாள்களின் நாயகன் ஈஸ்ற் யோர்க்கில் பிறந்த வில்லியம் பொட்ஸ். மேடைப் பெயர் 'விப்பர்' பில்லி வாட்சன். 1956 மார்ச் 15ஆம் திகதி இதே அரங்கில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். அன்று நடுவராக நின்றவர் குத்துச்சண்டை மாவீரர் ஜாக் டெம்ப்சி. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக நிதி திரட்டும் ஈஸ்டர் சீல்ஸ் அமைப்புக்கு வாட்சன் உழைத்த உழைப்பை ரொறன்ரோவின் பழைய ஆட்கள் இன்னும் நன்றியோடு சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரை நாயகர்களைப் பற்றியது அல்ல. அவர்களுக்கு எதிரே நின்று, கூட்டத்தின் வசவை வாங்கிக்கொண்டு, அவர்களைத் தூக்கி நிறுத்தியவர்களைப் பற்றியது. சின்ன வயதில் நான் வெறுத்தவர்கள். இந்த வயதில், றெஸ்லிங்குக்கு என்னைத் திரும்பக் கூட்டிவந்தவர்கள்.

அம்மம்மாவின் சனிக்கிழமை

கார்டன்ஸிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் சென் ஜேம்ஸ் ரவுன். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கனடா வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல முதலில் வந்து இறங்கியது அந்த உயர்மாடிக் கட்டடங்களில்தான். ஸ்காபரோவுக்குப் போனதெல்லாம் பிறகு. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அதே மாதம் 28ஆம் திகதி ரொறன்ரோவின் எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடி, ஹல்க் ஹோகனும் போல் ஓர்ன்டோர்ஃபும் மோதுவதைப் பார்த்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே ஊரின் கதை.

ஆங்கிலம் தெரியாமல் வந்த வீட்டில் தொலைக்காட்சியில் எல்லாருக்கும் விளங்கிய நிகழ்ச்சி றெஸ்லிங் ஒன்றுதான். செய்தி விளங்காது. நகைச்சுவைத் தொடர்களில் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாது. றெஸ்லிங்கில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது நடந்து வரும் நடையிலேயே தெரிந்துவிடும். அம்மம்மா கதிரையை இழுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் போட்டுக்கொள்வா. நடுவர் ஏமாறும்போதெல்லாம் அவவுக்குக் கோபம் தலைக்கேறும்.

"டேய் மோனை, பின்னால கதிரையோட வாறான். அவனைத் திரும்பிப் பாக்கச் சொல்லடா!"

பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியன் இதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அழுகை முட்ட வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னேன்.

"முதலே பேசி வச்சிட்டுத்தான் அடிபடுகினமாம் அம்மம்மா."

அவ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காத்தவராயன் கழுவில ஏறினது மெய்யோ? பொய்யெண்டு தெரிஞ்சுதானே விடிய விடியக் குந்தியிருந்து அழுதனாங்கள். நீ தள்ளு, மறைக்காதை."

றெஸ்லிங்கைப் பற்றி நான் பிறகு வாசித்த எதுவும் இதைத் தாண்டவில்லை. பிரெஞ்சு அறிஞர் ரோலண்ட் பார்த் 1957இல் வெளிவந்த தம் நூலில் றெஸ்லிங்கை விளையாட்டோடு சேர்க்காமல் நாடகத்தோடு சேர்த்து எழுதினார். உலகமெங்கும் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டுவார்கள். கோயில் வீதியில் பாயை விரித்துக் காத்தவராயன் கூத்துப் பார்த்த பெண்ணுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

மட்டக்களப்பின் வட்டக்களரியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் களம், சுற்றிவர மக்கள். ஆட்டக்காரர் யாருக்கும் முதுகு காட்டாமல் இருக்க முடியாது. அதனால் முதுகும் நடிக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவு, தனித் தாளம். மத்தளம் மாறும்போதே வரப்போவது யார் என்று கூட்டம் எழும்பிவிடும். றெஸ்லிங்கில் அண்டர்டேக்கர் என்ற வீரரின் வரவு மணி ஒலித்தால் இருபதாயிரம் பேர் எழுந்து நின்றதும் இதுதான். முடிவு முன்னரே தெரிந்திருப்பது குறையாக இங்கே யாருக்கும் படுவதில்லை. எப்படி அந்த முடிவுக்கு வந்து சேர்கிறார்கள் என்பதற்குத்தான் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

கூத்து நமக்குத் தந்த இன்னொன்றும் உண்டு. 1964இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்', இராவணனை நாயகனாக நிறுத்தியது. சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். தோற்கப்போகிறவன் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒருவனை நடுக்களத்தில் நிறுத்தி, அவன் பக்கம் நின்று பார்க்க வைத்த ஆட்டம் அது. வில்லனின் பக்கத்திலிருந்து கதையைப் பார்க்கத் தமிழ்ப் பார்வையாளனுக்குப் புதிதாகப் பழக்கத் தேவையில்லை.

நெருப்பு எறிந்தவரும் வாள் ஏந்தியவரும்

கார்டன்ஸ் கண்ட மிகப் பெரிய வில்லன் 'த ஷீக்'. தலைத்துணி, தொழுகை விரிப்பு, வளைந்த முனையுள்ள சப்பாத்து. ஒரு சொல் ஆங்கிலம் பேசமாட்டார். கையிலிருந்து நெருப்பு பறக்கும். ஒளித்துவைத்த பென்சிலால் எதிராளியின் நெற்றியைக் கிழிப்பார். சிரியாவிலிருந்து வந்த பைத்தியக்காரப் பணக்காரன் என்பது கதை. உண்மையில் அவர் எட் ஃபர்ஹாட், மிச்சிகனில் லெபனான் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1969 முதல் 1974 வரை ரொறன்ரோவில் அவர் தோற்கவே இல்லை. 127 சண்டைகள் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். யாராவது இவனை வீழ்த்துவார்களா என்ற ஒரே ஆவலில் மக்கள் ரிக்கற் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1974 ஓகஸ்டில் ஆந்த்ரே த ஜயன்ட் வென்றார். அதுவும் ஷீக் விதி மீறியதாக நடுவர் அறிவித்ததால் கிடைத்த வெற்றி.

அவரோடு இதே களத்தில் மோதியவர்களில் ஒருவர் நமக்கு இன்னும் அருகில் வருகிறார். பஞ்சாபின் லுதியானாப் பக்கத்தில் பிறந்து, இளைஞராகக் கனடா வந்து, 1965 அளவில் ரொறன்ரோவில் களமிறங்கிய ஜக்ஜித் சிங் ஹான்ஸ். உலகம் அறிந்த பெயர் டைகர் ஜீத் சிங். தலைப்பாகையும் வாயில் கவ்விய வாளுமாக வருவார். பயிற்சி தந்தவர் பிரெட் அட்கின்ஸ். தெற்காசிய முகங்களை எண்ணிவிடலாம் என்றிருந்த ரொறன்ரோவில் அவர் கார்டன்ஸின் முதன்மைச் சண்டைகளில் நின்றார்.

அவரைப் பெருவில்லனாக்கியது ஜப்பான். 1973 நவம்பரில் தோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் ஒரு பேரங்காடிக்கு வெளியே, வீதியில், அந்நாட்டின் பெரும் நாயகன் அந்தோனியோ இனோக்கியை அவர் தாக்கினார். பொலிஸ் விசாரிக்கும் அளவுக்குப் போனது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு ஜப்பானியத் தாய்மார் பிள்ளைகளை அடக்கச் சொல்லத்தக்க பெயராக அவர் பெயர் இருந்தது. அரங்கில் அவர் வாளின் பிடியைச் சுழற்றியபடி கூட்டத்துக்குள் நுழைவார். கதிரைகள் சரியும், மக்கள் சிதறி ஓடுவார்கள், ஓடிய வேகத்திலேயே திரும்பி வருவார்கள்.

அந்த மனிதர் ஒன்ராறியோவின் மில்ரன் நகரில் அயலவராக வாழ்ந்தார். நத்தார் காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் சேர்த்துக் கொடுப்பது அவர் குடும்பத்தின் ஆண்டு வழக்கம். 2010இல் அந்நகரில் திறந்த அரசுப் பள்ளிக்கு அவர் பெயர் வைத்தார்கள்: டைகர் ஜீத் சிங் பப்ளிக் ஸ்கூல். இரத்தம் சிந்தக் காட்சி செய்தவரின் பெயரா என்று சிலர் ஆட்சேபித்தார்கள். பெயர் நிலைத்தது. நிலைத்தது நியாயம் என்பேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வெறுப்பைச் சுமப்பதைத் தொழிலாகச் செய்து, அதில் சம்பாதித்ததை அதே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒருவரின் பெயரைப் பள்ளிக்கூடம் தாங்குவதில் என்ன குறை?

இதில் உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊருக்குக் கிடைத்த வில்லன்களின் நிறம் எங்கள் நிறமாக இருந்தது. ஷீக், டைகர் ஜீத் சிங், பிறகு அயன் ஷீக். இந்தக் கடைசி மனிதர் ஈரானில் முறையான மல்யுத்த வீரராக இருந்து, அமெரிக்கா போய், அந்நாட்டு ஒலிம்பிக் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். 1984 ஜனவரியில் அவரை வீழ்த்தித்தான் ஹல்க் ஹோகன் ஹல்க் ஹோகன் ஆனார். சென் ஜேம்ஸ் ரவுனின் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் ஹோகனுக்குக் கத்தினோம். சுவரில் அவர் படம் ஒட்டினோம். 2015இல் அவர் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்து டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனம் அவரை நீக்கியது. மூன்று ஆண்டுகளில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2025 ஜூலையில் அவர் இறந்தபோது எனக்குத் துக்கமும் இருந்தது, அந்தச் சொற்களும் காதில் இருந்தன. இரண்டில் ஒன்றை விட்டுவிட எனக்கு மனமில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த நாயகன் வில்லன் கதையின் இன்னொரு வடிவம் தெரியும். மூத்தவர்களுக்குத் தாராசிங்கும் கிங்காங்கும். ஹங்கேரியில் பிறந்த எமில் சாயாதான் அந்தக் கிங்காங். தாராசிங் புகழின் ஒரு பாதி, அவரிடம் மலைபோல் வந்து மோதி விழுந்த இந்த மனிதருடையது. தாராசிங் பின்னாளில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்து வீடு வீடாகக் கும்பிடப்பட்டார். கிங்காங் 1970இல் மலேசியாவில் நடந்த கார் விபத்தை அடுத்துச் சிங்கப்பூரில் இறந்தார். இளையவர்களுக்கு இருக்கவே இருக்கிறது வகுப்பறையின் கடைசி வாங்கில் நடந்த றெஸ்லிங் டிரம்ப் கார்டு ஆட்டம்.

விழுவது எப்படி

ஒரு சனிக்கிழமை இரவு ரொறன்ரோவில் ஒரு சிறு மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். தொலைக்காட்சி காட்டாததை அங்கே பார்க்கலாம். இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதற்கு மேல் மெல்லிய நுரைப்படை, இறுக்கி இழுத்த துணி: களம் என்பது அவ்வளவுதான். நான்கு பக்கமும் பதினெட்டு அடி, பெரிய நிறுவனம் என்றால் இருபது. துணி மெத்தென்று இருக்கும் என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள்.

அன்று வில்லனாக வந்த பெரிய உடம்புக்காரர் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கினார். பார்வைக்கு ஒருவர் பலம். அருகே பார்த்தால் இருவர் வேலை. தூக்கப்படுகிறவர் சரியான கணத்தில் தானே துள்ளுகிறார். ஒரு கையால் வில்லனின் தொடையைப் பற்றித் தன் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறார். விழும்போது நாடியை நெஞ்சோடு இறுக்கி, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேற்பாதியும் இரு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் பலகையில் அறைய விழுகிறார். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவுவதற்காக. ஆங்கிலத்தில் இதை 'பம்ப்' என்பார்கள். பயிற்சிப் பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அடிப்பது பிறகு. அந்தச் சத்தம் பலகை வழியே வந்து என் கதிரையின் காலைத் தொட்டது.

பிறகு நடந்தது முன்வரிசைக்கு மட்டும் தெரியும். வில்லன் எதிராளியின் மேல் விழுந்து, முகத்தைக் கோரமாக்கிக் கூட்டத்தைப் பார்த்து உறுமிக்கொண்டே, கீழே கிடந்தவரின் மணிக்கட்டை ஒரு தடவை அழுத்தினார். கிடந்தவரின் விரல்கள் திருப்பி அழுத்தின. நலமா என்ற கேள்வியும் நலம் என்ற பதிலும். அதற்குள் நடுவர் இரண்டு எண்ணிவிட்டார். கூட்டம் வில்லனின் தாயையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தது.

அந்த நடுவருக்கும் ஒரு வேலை உண்டு. அவர் களத்துக்குள் செய்தி கொண்டுபோகிறவர். உண்மையாகவே யாருக்காவது காயம் என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிப்பார். அது கதையில் இல்லாத சைகை. பழைய ரசிகர்கள் அதைக் கண்டால் கத்துவதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அடிக்கிறார்கள் என்றுதான் சின்ன வயதில் பார்த்தேன். இப்போது பார்ப்பது, ஒருவர் தன் கழுத்தை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுக்கிறார் என்பதை. கொடுக்கப்பட்ட கழுத்தைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவரும் பொறுப்பு பெரும்பாலும் வில்லனுடையது. அவர்தான் ஆட்டத்தின் வேகத்தை நடத்துகிறார். எங்கே நாயகன் எழ வேண்டும், எங்கே கூட்டம் மூச்சு விட வேண்டும் என்று காதோடு சொல்கிறார். 1987இல் ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கி எறிந்ததைப் பார்த்து உலகம் வாய்பிளந்தது. முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து நடக்கவே சிரமப்பட்ட ஆந்த்ரே தன்னைத் தூக்க விட்டதால் நடந்தது அது. அந்த இரவின் பெரிய ஆட்டக்காரர் ஆந்த்ரே.

கூட்டம் கட்சி மாறும் ஊர்

ரொறன்ரோக் கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்த நாயகனை அப்படியே வாங்கிக்கொள்ளாது.

1990 ஏப்ரல் 1, ரொறன்ரோவின் ஸ்கைடோம் அரங்கு. ஆறாவது றெஸ்ல்மேனியா பெருநிகழ்ச்சி, 67,678 பேர். ஹோகனும் அல்டிமேட் வாரியரும், இருவருமே நாயகர்கள். யாருக்குக் கத்துவது என்று தெரியாமல் அரங்கு இரண்டாகப் பிளந்தது. வாரியர் வென்றார். தோற்ற ஹோகன் பட்டத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அன்று கூட்டத்தில் இருந்த ஒரு பதினாறு வயதுப் பெடியன் ஒரேஞ்ச்வில்லைச் சேர்ந்தவன். இதையே செய்யப்போகிறேன் என்று அன்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். உலகம் அவரை எட்ஜ் என்று அறியும்.

2002 மார்ச் 17, அதே ஸ்கைடோம். இந்தத் தடவை ஹோகன் வில்லன், த ராக் நாயகன். கதை அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஹோகன் நுழைந்ததும் கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது, ராக்கைத் திட்டியது. களத்தின் நடுவில் நின்றபடியே இருவரும் ஆட்டத்தை மாற்றினார்கள். ராக் கொஞ்சம் கொஞ்சமாக முரடனானார், ஹோகன் பழைய ஹோகனானார். ஒத்திகை பார்த்த நாடகம் என்று இதை இகழ்கிறவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். எழுதிய கதையை 68,000 பேர் கிழித்துப்போட, இரண்டு கலைஞர்கள் நின்ற இடத்திலேயே புதிதாக ஒன்றை எழுதினார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து நான் பார்ப்பதை விட்டேன். முதல் விரிசல் 1999 மே 23. கன்சாஸ் சிற்றியில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரவேண்டிய கல்கரிக்காரர் ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். காட்சியை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். 2007 ஜூனில் றெஸ்லிங் வீரர் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று தானும் மாய்ந்தார். அவரது மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் அது மோசமாகச் சிதைந்திருந்ததைக் கண்டார்கள். மேல் கயிற்றிலிருந்து பறந்து தலையால் மோதுவது அவருடைய பெயர்போன உத்தி. எத்தனை இரவுகள் அதற்குக் கைதட்டியிருக்கிறோம்! அந்தச் செயலுக்கு மூளைச் சிதைவு முழு விளக்கமும் ஆகாது, மன்னிப்பும் ஆகாது. ஆனால் தலையில் விழும் அடி நடிப்பல்ல என்பது அதன்பின் யாருக்கும் மறைவாக இல்லை. தலையில் கதிரையால் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.ஈ. 2010இல் தடைசெய்தது. நாற்பது ஆண்டுகளாக நிறுவனத்தை ஆண்ட வின்ஸ் மக்மேன், முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் தொடுத்த பாலியல் கொடுமை வழக்கை அடுத்து 2024 ஜனவரியில் பதவி விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். இத்தனையையும் தெரிந்துகொண்டுதான் இன்று பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரும்பும் வயது இது இல்லை.

சமி வந்தார்

என்னைத் திரும்பக் கூட்டிவந்த ஆட்டம் ரொறன்ரோவில் நடக்கவில்லை. 2023 பெப்ரவரி 18, மொன்றியல் பெல் சென்ரர். அக்காவின் மகன் தன் தொலைபேசியில் காட்டினான். "மாமா, இதை மட்டும் பாருங்கோ."

மொன்றியலுக்கு அருகே லாவல் நகரில், சிரியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர் ராமி செபெய். மேடைப் பெயர் சமி ஸெய்ன். முறுக்கேறிய உடம்பு இல்லை. செம்பட்டைத் தாடி, தளர்ந்த நடை. ஆண்டுக்கணக்காக முகமூடிக்குள் சிறு மண்டபங்களில் ஆடியவர். சிரியாவில் நடமாடும் மருத்துவமனைக்காக நிதி திரட்டியவர். அன்றிரவு அவர் ரோமன் ரெய்ன்ஸின் உலகப் பட்டத்துக்கு மோதினார். அரங்கம் எழுப்பிய ஒலியில் வர்ணனையாளர்களின் குரல் அமுங்கியது. அரபுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் நடுக்களத்தில் நிற்கிறான். தலைத்துணி இல்லை, வாள் இல்லை, நெருப்பு இல்லை. ஊரே அவன் பெயரைப் பாடுகிறது.

அவர் தோற்றார். அதில்தான் நான் பிடிபட்டேன். வென்றிருந்தால் ஒரு நல்ல செய்தியாக முடிந்து போயிருக்கும். தோற்று, களத்தில் மல்லாந்து கிடந்தபோது பார்த்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மம்மா இருந்திருந்தால் சேலைத் தலைப்பை எடுத்திருப்பா. எட் ஃபர்ஹாட்டும் டைகர் ஜீத் சிங்கும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கத்தியும் நெருப்பும் ஏந்தி நுழைந்த கதவால்தான் இவர் வெறுங்கையோடு நுழைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு வேறு பாத்திரம் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டதை அவர்கள் யாரும் மறக்க முடியாதபடி ஆடினார்கள்.

2025 மார்ச் 1ஆம் திகதி மகளைக் கூட்டிக்கொண்டு ரொஜேர்ஸ் சென்ரருக்குப் போனேன். பழைய ஸ்கைடோம்தான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ரிச்மண்ட் ஹில்லைச் சேர்ந்த றெஸ்லிங் வீராங்கனை ரிஷ் ஸ்ராட்டஸ் வந்தபோது வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் வரவேற்பு. சமி ஸெய்ன் தன் பழைய நண்பன் கெவின் ஓவன்ஸிடம் இரக்கமில்லாமல் அடி வாங்கித் தோற்றார். மகள் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாமல் போனது கடைசியில் நடந்தது.

ஜோன் சீனா. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளின் நாயகன். ஓய்வு பெறப்போவதாக முந்தைய ஆண்டு ஜூலையில் அறிவித்ததும் ரொறன்ரோவில்தான். நாங்கள் போன இரவில் பெரிய ஆட்டத்தை வென்று, சக வீரர் கோடி ரோட்ஸைக் கட்டித் தழுவியபடி நின்றார். த ராக் கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். சீனாவின் முகம் மாறியது. அவ்வளவுதான், முகம் மட்டும்; உடம்பு இன்னும் தழுவியபடியே. அடுத்த கணம் கீழே அடி. அரங்கில் எழுந்த ஒலியைத் திட்டு என்றும் சொல்ல முடியாது, ஆரவாரம் என்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்த ஒலி.

"அப்பா, ஏன் அவர் அப்பிடிச் செய்தவர்?" டொன் வலி நெடுஞ்சாலையில் வீடு வரும்வரை அதே கேள்வி. சீனா நாயகனாகச் செய்த எதுவும் அவளை இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்ததில்லை.

சீனாவின் அந்த வில்லன் வேடம் அதே ஆண்டு ஓகஸ்டோடு முடிந்துவிட்டது. அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் கணிப்பு. ஒரு நல்ல வில்லனைக் கூட்டம் வெறுத்துப் பழகவே மாதங்கள் வேண்டும். ஷீக்கை ரொறன்ரோ ஐந்து ஆண்டுகள் வெறுத்தது; அதனால்தான் ஆந்த்ரே வென்ற இரவுக்கு அவ்வளவு பெறுமதி.

அந்த நிதானம் இன்று சிறு மண்டபங்களில்தான் இருக்கிறது. ஸ்மாஷ், சூப்பர்கிக்டு, கிரீக்டவுன் என்று ரொறன்ரோவைச் சுற்றி உள்ளூர்க் குழுக்கள் பல வளர்ந்தன. சன்ரீனோ மரெல்லா என்று பெயர்பெற்ற அந்தனி கரெல்லி மிசிசாகாவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இந்த மண்டபங்களுக்குப் போனால் பஞ்சாபி, கரீபியன், பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்கள் நாயகனாகவும் வருகிறார்கள், வில்லனாகவும் வருகிறார்கள். நிறத்தைப் பார்த்துப் பாத்திரம் கொடுக்கும் காலம் அங்கே பெரும்பாலும் கழிந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் வில்லன் வாசலில் மேசை போட்டுத் தன் ரீ-சேர்ட்டைத் தானே விற்பார். முன்வரிசையில் இருந்து பார்த்த அந்தச் சனிக்கிழமை, என் மகள் தொண்டை கட்டும்வரை திட்டிய அந்தப் பெரிய உடம்புக்காரரிடம் போய்க் கையெழுத்துக் கேட்டாள். "மூன்றாவது வரிசையில கத்தினது நீதானே? அடுத்த மாதமும் வா. இன்னும் சத்தமாக் கத்து" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவள் உடனே திருத்தினாள்: மூன்றாவது இல்லை, முன்வரிசை.